இராணுவ லொறி வாங்கப் போகிறீர்களா?

வன்னியில் ஒரு குளத்தின் கீழ் நெல் செய்யும் கமக்காரர் அமைப்பொன்று அண்மையில் தனது கூட்டத்திற்கு எம்மை அழைத்திருந்தது. நிகழ்ச்சி நிரலில் ஒரேயொரு விடயம்தான். பட்டணத்தில் பழைய வாகனங்கள் விற்கும் ஒருவரின் காணியில் பச்சை நிற இராணுவ லொறியொன்று விற்பனைக்கு நிற்கிறது. அதை வாங்குவதா, விடுவதா?

அவர்களது நிலைமை பலருக்கும் தெரிந்ததுதான். கிராமத்திலிருந்து பிரதான வீதிக்குப் பதினொரு கிலோமீற்றர் கிரவல் பாதை. மாரியில் அது பாதையல்ல, சேற்றுக் கிடங்கு. சாதாரண லொறிகள் உள்ளே வர மறுக்கும். வருகிற ஒன்றிரண்டு பேர் வைத்ததே வாடகை, நெல்லுக்குச் சொன்னதே விலை. எட்டு ஆண்டுகளாக அங்கத்தவர் சந்தாவாலும், போகத்துக்குப் போகம் ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று சேர்த்த நெல்லாலும் ஒரு தொகை வங்கியில் சேர்ந்திருந்தது. அந்தப் பச்சை லொறியின் விலை, அதேயளவு சுமை ஏற்றும் சாதாரண பழைய லொறியின் விலையில் பாதிக்கும் குறைவு. "எல்லாச் சில்லும் இழுக்கும், சேறென்ன வெள்ளமென்ன" என்று விற்பவர் சொல்லியிருந்தார். இளைஞர்கள் ஏற்கனவே அதன் மேல் ஏறியிருந்து படமெடுத்து வந்திருந்தனர். எமது கருத்தைக் கேட்டபோது, பார்க்காமல் சொல்ல முடியாது என்றோம். இளைப்பாறிய மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அடுத்த கிழமை போய்ப் பார்த்தோம். அன்று அவரிடம் கற்றவற்றையும், நாமறிந்த ஏனையவற்றையும் இங்கே தருகிறோம். இதே யோசனையில் வேறு சங்கங்களும் இருக்கக்கூடும்.

படைகள் கழித்த வாகனங்களைப் பொதுமக்கள் வாங்கி ஓடுவது புதிய விடயமன்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் ஜி.எம்.சி. இரண்டரைத் தொன் லொறி மாத்திரம் ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. போர் முடிந்ததும் இவ்வாறான வண்டிகள் உலகெங்கும் கமத்துக்கும் காட்டுமரம் இழுக்கவும் வந்து சேர்ந்தன. பிலிப்பைன்ஸ் மக்கள் அமெரிக்கர் விட்டுச் சென்ற ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு 'ஜீப்னி' என்ற பயணிகள் வாகனமாக்கினர். 1990 இல் இரு ஜேர்மனிகளும் ஒன்றிணைந்தபோது கிழக்கு ஜேர்மன் படையின் டபிள்யூ 50 ரக லொறிகள் பெருந்தொகையாகக் கைமாறின. பிரித்தானியாவின் பெட்போர்ட், ஜேர்மனியின் யூனிமொக், அமெரிக்காவின் எம் 35 ஆகியன இன்றும் பல நாடுகளில் விவசாயிகளின் கைகளில் ஓடுகின்றன. எனவே இராணுவ வண்டி என்பதற்காகவே ஒதுக்கிவிடத் தேவையில்லை. ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

சுமையும் எரிபொருளும்

வியாபாரி லொறி வாங்கும்போது ஒரு லீற்றர் டீசலுக்கு எவ்வளவு சுமை எவ்வளவு தூரம் போகும் என்று பார்ப்பான். படைக்கு அந்தக் கவலை இல்லை. வண்டி சேற்றில் புதையக்கூடாது, ஆற்றில் நிற்கக்கூடாது, அவ்வளவுதான். அதற்காகத் தடித்த அடிச்சட்டம், முன் சில்லுகளுக்கும் இழுவை, இரட்டைக் கியர்ப்பெட்டி என்று இரும்பை இரும்பின்மேல் சேர்த்திருப்பார்கள். எம் 35 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வண்டியே ஏறத்தாழ 5.9 தொன் நிறை. பாதையற்ற இடங்களில் அதற்கு விதிக்கப்பட்ட சுமை சுமார் 2,270 கிலோதான். நல்ல வீதியில் அதன் இருமடங்கு ஏற்றலாம். அதாவது சேற்றில் இரண்டேகால் தொன் நெல்லைக் கொண்டுபோக ஆறு தொன் இரும்பையும் சேர்த்து இழுக்கிறோம். வெறுமையாகத் திரும்பும்போதும் அந்த ஆறு தொன் கூடவே வருகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சந்தைக்குப் போய்வர 60 கிலோமீற்றர் என்போம். இந்த வகை வண்டி 100 கிலோமீற்றருக்கு 30 லீற்றர் டீசல் குடிக்கும் என்று வைத்தால் ஒரு பயணத்துக்கு 18 லீற்றர். 15 லீற்றர் குடிக்கும் சிறிய லொறிக்கு 9 லீற்றர். கணக்குக்காக லீற்றர் 300 ரூபா எனக் கொண்டால் பயணமொன்றுக்கு 2,700 ரூபா வித்தியாசம். ஆண்டுக்கு நூறு பயணம் போனால் 270,000 ரூபா. விலையில் மிச்சம் பிடித்த பணம் எத்தனை ஆண்டில் எரிந்து முடியும் என்பதை உங்கள் ஊரின் தூரத்தையும் அன்றைய டீசல் விலையையும் போட்டு நீங்களே பாருங்கள். பெற்றோல் எஞ்சின் பூட்டிய பழைய இராணுவ வண்டி என்றால் கணக்கே போட வேண்டாம். சோவியத் தயாரிப்பான ஊரல் 375 போன்றவை 100 கிலோமீற்றருக்கு 45 லீற்றருக்கும் மேல் பெற்றோல் குடிப்பவை.

2022 ஆம் ஆண்டை ஒருவரும் மறந்திருக்க முடியாது. நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த ஆண்டு யூலையில் வந்த கியூ.ஆர். பங்கீடு 2023 செப்டெம்பர் வரை நீடித்தது. கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளந்து தரும் காலத்தில் அதிகம் குடிக்கும் வண்டியே முதலில் மரத்தடிக்குப் போகும்.

இங்கே ஓர் ஆசை வார்த்தையையும் சொல்ல வேண்டும். எம் 35 இன் பிற்கால வண்டிகளுக்கும் பெட்போர்ட் எம்.கே. வண்டிகளுக்கும் பல எரிபொருள்களில் ஓடும் எஞ்சின் உண்டு. "டீசல், மண்ணெண்ணெய் எதை ஊற்றினாலும் ஓடும்" என்று விற்பவர் சொல்வார். பொய்யல்ல. ஆனால் அது அவசரத்துக்கான ஏற்பாடு, அன்றாடப் பாவனைக்கல்ல. எமது மெக்கானிக் ஐயா இதைக் கேட்டுச் சிரித்தார். 1990களின் முதற்பாதியில் பொருளாதாரத் தடைக் காலத்தில், கொஞ்சம் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை யாழ்ப்பாணத்தில் திருத்தியவர் அவர். "ஓடினது உண்மை தம்பி. அந்த எஞ்சினுகளைப் பிறகு திறந்து பார்த்தது நான்தானே" என்றார்.

பத்திரம் முதலில், லொறி பிறகு

எஞ்சினைத் திறக்குமுன் பத்திரங்களைத் திறவுங்கள். படைப்பிரிவுகளும் அரச திணைக்களங்களும் கழித்த வாகனங்களைக் கேள்விப்பத்திரம் மூலமோ ஏலத்திலோ விற்பதுண்டு. ஓடக்கூடிய வாகனமாக விற்றார்களா, உடைத்து இரும்பாக்குவதற்கென விற்றார்களா என்பதிலேதான் எல்லாம் தங்கியிருக்கிறது. உடைப்பதற்கென விற்றதை ஒருவர் வாங்கி, நிறம் பூசி, ரயர் மாற்றி உங்களிடம் தந்தால், அது வீதிக்குப் போகும் உரிமை பெற்றதாகிவிடாது. எந்தத் திணைக்களம், எந்தத் திகதி, எந்த நிபந்தனையில் விற்றது என்ற மூலக்கடிதத்தைக் கேளுங்கள். போட்டோப் பிரதி போதாது.

இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. அமெரிக்கப் படை தனது ஹம்வீ வண்டிகளை 2014 டிசெம்பரில் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு ஏலத்தில் விற்றபோது, வீதிப் பாவனைக்கு அல்ல என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது. வாங்கியவர்கள் பலர் பதிவுக்காக அலைந்தனர்.

அடிச்சட்டத்தில் பொறித்த இலக்கம், எஞ்சின் இலக்கம், பத்திரத்தில் உள்ள இலக்கம் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். கம்பித்தூரிகையால் துருவைத் தேய்த்து, சோக்கட்டி பூசிப் பாருங்கள். இராணுவ வண்டிகளில் எஞ்சின் பலமுறை மாற்றப்பட்டிருக்கும். படை வேலைத்தளத்தில் இலக்கம் மாறினால் அவர்களது ஏட்டில் குறிப்பார்கள். அந்த ஏடு உங்களிடம் வராது. ஆகவே முற்பணம் கொடுக்குமுன் இலக்கங்களை எழுதிக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நேரே விசாரியுங்கள். இந்த வாகனத்தை எங்கள் சங்கத்தின் பெயரில், லொறியாகப் பதியலாமா என்று எழுத்தில் கேட்பது நல்லது. பதிவு கிடைத்தாலும் தகுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனை, காப்புறுதி என்று வரிசை தொடரும். காப்புறுதி தர ஆள் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். உங்களிடம் இருக்கும் சாரதியின் அனுமதிப்பத்திரம் இந்த நிறைக்குச் செல்லுமா என்றும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பது பற்றி யாராவது சொன்னால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல்தான் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள். இறக்குமதி விதிகள் அடிக்கடி மாறுபவை. அமெரிக்க, ஜேர்மன் வண்டிகளில் பெரும்பாலும் ஸ்ரியரிங் இடப்பக்கம். எங்கள் ஒடுங்கிய வீதிகளில் முன்னால் போகும் பஸ்ஸை முந்த அந்தச் சாரதி கண்ணைக் கட்டிக்கொண்டுதான் எட்டிப் பார்க்க வேண்டும்.

நின்ற வண்டி

காணியில் இறங்கியதும் மெக்கானிக் ஐயா மீற்றரைப் பார்த்தார். மிகக் குறைந்த கிலோமீற்றர். எமக்குச் சந்தோசம். அவருக்கு இல்லை. "இது ஓடின வண்டியில்லை தம்பி, நின்ற வண்டி. நின்ற வண்டிதான் கூடச் செலவு வைக்கும்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இது. படை வண்டி பல ஆண்டுகள் கொட்டகையில் நிற்கும். எண்ணெய் கீழே வடிந்துவிடும். ரப்பர்க் குழாய்களும் சீல்களும் காய்ந்து வெடிக்கும். டீசல் தாங்கியில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். இன்னொரு பக்கம், வண்டி ஓரிடத்தில் நின்றபடியே எஞ்சின் மணிக்கணக்கில் ஓடியிருக்கலாம். அது கிலோமீற்றரில் தெரியாது.

எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது. நாங்கள் வருவதை அறிந்து விற்பவர் முன்கூட்டியே ஸ்ராட் செய்து வைத்திருக்கிறார். நாங்கள் தேநீர்க் கடையில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, ஆறிய பிறகு மீண்டும் பார்த்தோம். குளிர்ந்த எஞ்சின் ஸ்ராட் எடுக்கும் விதத்தில்தான் உண்மை தெரியும். நீல நிறப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போவதாகச் சந்தேகிக்க வேண்டும். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றினால் புகை ஊதிக்கொண்டு வந்தால் பிஸ்ரன் தேய்ந்துவிட்டது.

பின்பு கீழே படுத்து, கியர்ப்பெட்டி, பின்பாலம், முன்பாலம் ஒவ்வொன்றிலும் அடைப்பைக் கழற்றி விரலை விட்டு எண்ணெயைத் தொட்டுப் பார்த்தார். முன்பாலத்தில் வந்தது பால் தேநீர் நிறம். எங்கோ ஆற்றில் இறங்கியபோது தண்ணீர் புகுந்திருக்கிறது, ஒருவரும் எண்ணெயை மாற்றவில்லை. உள்ளே பெயாரிங்குகள் துருப்பிடித்திருக்கும். எல்லாச் சில்லும் இழுக்கும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அந்த இழுவை தங்கியிருக்கும் பாகமே பழுது.

பிறேக்குக்கு அவர் அதிக நேரம் எடுத்தார். பழைய இராணுவ லொறிகள் பலவற்றில் காற்றின் உதவியோடு இயங்கும் எண்ணெய் பிறேக் உண்டு. எம் 35 போன்றவற்றில் எல்லாச் சில்லுகளுக்கும் ஒரே இணைப்புத்தான். ஒரு குழாய் வெடித்தால் ஒரு சில்லிலும் பிறேக் இராது. கைப் பிறேக்கோ நின்ற வண்டியைப் பிடித்து வைக்கத்தான். எனவே குழாய்கள் அனைத்தையும், சில்லுச் சிலிண்டர்களையும் மாற்றும் செலவை விலையோடு கூட்டிவிடுங்கள். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் கூட்டுங்கள். காற்றுத் தாங்கி நிரம்பியபின் எஞ்சினை நிறுத்திவிட்டு மானியைப் பாருங்கள். முள் வேகமாக இறங்கினால் எங்கோ ஒழுக்கு. பழைய பிறேக், கிளச் தகடுகளில் கல்நார் இருக்கும். அந்தத் தூசைக் காற்றால் ஊதி அடிக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

ரயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கராஜில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். இந்த வண்டிகளின் சில்லு பல துண்டுகளாலானது. இரும்பு வளையம் ஒன்றுதான் ரயரைப் பிடித்து வைத்திருக்கும். துருப்பிடித்த வளையம் காற்றடிக்கும்போது தெறித்தால் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. கழற்றுமுன் காற்று முழுவதையும் இறக்க வேண்டும். அடிக்கும்போது இரும்புக் கூட்டுக்குள் வைக்க வேண்டும், எதிரே நிற்கக்கூடாது, வளையத்தைச் சுத்தியலால் தட்டக்கூடாது. பழைய பிரித்தானிய வண்டிகளில் சில்லு இரு பாதிகளாக நட்டுப் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். அந்த நட்டுகளுக்குச் சிவப்பு நிறம் பூசியிருப்பார்கள். காற்று இருக்கையில் அவற்றைக் கழற்றினால் மரணம்தான். நிறத்துக்கு மேல் நிறம் பூசிய வண்டியில் அந்தச் சிவப்பு மறைந்திருக்கும்.

ரயரின் பூவைப் பார்த்து ஏமாற வேண்டாம். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 3411 என்றால் 2011 ஆம் ஆண்டின் 34 ஆம் வாரம் செய்தது. பூ முழுதாக இருக்க, பக்கச் சுவர் வெடித்திருந்தால் அது ரயரல்ல, ரப்பர்ச் சாமான். அந்த அளவு ரயர் உள்ளூரில் கிடைக்குமா, என்ன விலை என்று கடையில் கேட்டுவிட்டே மேலே யோசியுங்கள். ஆறு சில்லு, பத்துச் சில்லு என்று பெருக்கிப் பார்த்தால் சில வேளை லொறியின் விலையையே ரயர் எட்டிவிடும்.

மின்சாரம் 24 வோல்ற்று. இரு 12 வோல்ற்றுப் பற்றரிகள் தொடராக இணைந்திருக்கும். பாட்டுப் பெட்டிக்கென ஒரு பற்றரியிலிருந்து மாத்திரம் கம்பி இழுத்தால் இரண்டுமே கெடும். மாற்றும்போது சோடியாகவே மாற்ற வேண்டும். சில வண்டிகளுக்குத் திறப்பே கிடையாது. விசையைத் திருப்பினால் யாரும் கொண்டு போகலாம். சங்கிலிப் பூட்டுக்கும் காசு ஒதுக்குங்கள்.

உதிரிப்பாகமும் ஊர்ப்பாதையும்

டாட்டா, அசோக் லேலண்ட் வண்டிகள் எங்கள் வீதிகளில் நிறைய ஓடுவதால் அவற்றின் எஞ்சின் சாமான்கள் பட்டணத்தில் எடுக்கலாம். ஆனால் இராணுவ வண்டிக்கே உரிய முன்பாலம், இழுவையைப் பிரிக்கும் பெட்டி முதலியவை கடையில் இராது. பெட்போர்ட் ஒரு காலத்தில் இந்நாட்டில் வீட்டுப் பெயர். ஆயினும் ஜெனரல் மோட்டோர்ஸ் 1986 இல் பிரித்தானியாவில் அந்தக் கனரக லொறிகளைக் கைவிட்டது. பின்னர் எடுத்து நடத்தியவர்களும் 1992 இல் நொடித்தனர். தெரிந்த பெயர் என்பதால் சாமான் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். எமது அபிப்பிராயம்: ஒரே ரகத்தில் இரண்டாவது வண்டியொன்றைச் சாமானுக்காக வாங்க வசதியில்லாத சங்கம், அரிய ரக வண்டியைத் தொடாமல் விடுவதே நல்லது.

குளக்கட்டு, மதகு, சிறு பாலம் ஆகியவற்றையும் நினைக்க வேண்டும். கிராமத்தின் குளக்கட்டு உழவு இயந்திரத்துக்குப் பழகியது. சுமையோடு எட்டுப் பத்துத் தொன் வண்டி மாரியில் அதன்மேல் போனால் தடம் விழும். தடத்தில் தண்ணீர் நிற்கும். நெல்லைக் காப்பாற்றப் போய்க் குளத்தை இழக்கக்கூடாது. நீர்ப்பாசன அதிகாரியிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேளுங்கள்.

இன்னொன்று பணத்தோடு சம்பந்தமில்லாதது. கூட்டத்தில் பின்வரிசையிலிருந்த வயோதிபத் தாயொருவர் மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பச்சை வாகனம் இரவிலை ஊருக்குள்ளை வந்தால் சனம் என்ன நினைக்கும்?" இளைஞர் சிலர் சிரித்தனர். பெரியவர்கள் சிரிக்கவில்லை. இடம்பெயர்ந்து, முகாமிலிருந்து மீண்டு வந்த ஊர் அது. அந்த எஞ்சின் சத்தத்துக்கே உடல் நடுங்குகிறவர்கள் அங்கே உண்டு. நிறம் மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். இந்தியாவில் படைத்துறைக்கு வெளியே எந்த வாகனத்துக்கும் அந்தக் கரும்பச்சை நிறம் பூசக்கூடாதென்று 1989 ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. வாங்குகிற இடத்திலேயே நிறம் மாற்றிவிட்டு ஊருக்குக் கொண்டுவருவதென்று அன்றே தீர்மானம் எழுதப்பட்டது. சத்தத்துக்கு என்ன செய்வதென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இவ்வளவும் சொன்னதால் எவரும் வாங்கக்கூடாது என்பது எமது எண்ணமல்ல. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்பும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பாலங்களை அடித்துச் சென்றபோதும், உயர்ந்த அடிச்சட்டமும் எல்லாச் சில்லு இழுவையும் உள்ள வண்டியின் அருமை தெரிந்தது. ஆண்டில் மூன்று நான்கு மாதம் வேறெதுவும் போகாத ஊருக்கு, பல கிராமங்கள் சேர்ந்து ஒரு வண்டி வைத்திருப்பது நியாயமாகலாம். ஆனால் யார் சாரதி, பயணப் புத்தகம் யார் கையில், மரண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் கேட்டால் கொடுப்பதா, தலைவரின் மச்சான் கேட்டால் என்ன செய்வது என்பவற்றை வாங்குமுன் எழுதி வையுங்கள். வண்டியால் உடைந்த சங்கங்களை நாம் கண்டிருக்கிறோம். பின்பெட்டியில் ஆட்களை ஏற்றும்போது விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைவிடும் என்பதையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள். விலையின் அரைப்பங்காவது திருத்த வேலைக்கென வங்கியில் தனியாக இருக்க வேண்டும்.

நாம் பார்த்த வண்டிக்கு வருவோம். அடிச்சட்டத்தைத் தேய்த்தபோது இலக்கம் இருந்தது. பத்திரத்தில் இருந்த கடைசி இரண்டு எழுத்தும் வேறு. விற்பவர் "அது எழுதினவையின்ர பிழை" என்றார். அமைப்பின் செயலாளர் இரண்டு இலக்கத்தையும் கொப்பியில் எழுதிக்கொண்டு, திணைக்களத்தின் பதில் வந்த பிறகு பேசுவோம் என்று சொல்லிவிட்டு வந்தார். முற்பணம் கொடுக்கவில்லை. இந்தப் போகத்துக்கு இரண்டு உழவு இயந்திரக்காரரோடு பேசி, பெட்டியில் நெல்லைப் பிரதான வீதிவரை இழுப்பதற்கு மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி முடிவாகியிருக்கிறது. வீதியில் சாதாரண லொறி வந்து ஏற்றும். மெக்கானிக் ஐயா தன் செலவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வேறொரு வண்டி அகப்பட்டால் மீண்டும் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார், எஞ்சினை ஒருவரும் முன்கூட்டியே சூடாக்கி வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.